எவன் ஜெயித்தால் எனக்கென்ன

ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் துக்கம் விசாரித்துவிடுகிறேன். மூன்று கோலுக்கு ஒன்று. அந்த ஒன்றும் எங்கள் ஆள் தன் காலாலேயே உங்களுக்குப் போட்டுக் கொடுத்தது என்பதை மறந்துவிடாதே. இனி உன் வீட்டு மாடியில் பச்சைக் கொடி கட்டிய கயிற்றில் துணி காயப்போடலாம். துணி விஷயத்தில் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறு பேருந்து நிறைய வந்தோம். ரசிகர் சங்கத் தலைவர் என்னையும் தொண்டனாக்கிக் கையில் பட்டை கட்டிவிட்டதால் ஆட்டத்தில் பாதிதான் பார்த்தேன். மீதி நேரமெல்லாம் ‘அங்க போ, இங்க நில்லு’தான். முடிந்ததும் மழையோடு மழையாக எங்களைப் பேருந்தில் அடைத்துக் கிளப்பிவிட்டார்கள். அதற்கு உன் அக்காவிடம் இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். “தம்பி ஊரு வரைக்கும் போயிட்டு அவன் மூஞ்சியக்கூடப் பார்க்காம வந்திருக்கீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?” மனசு இருக்கிறது. அது சிவப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே 4 ஞாயிற்றுக்கிழமை, கோப்பையின் இறுதி ஆட்டம், எங்கள் ஊரில். எங்கள் சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும். இந்தக் கடிதத்தோடு ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். இதற்காக நான் யார் யார் முகவாயைப் பிடித்துக் கெஞ்சினேன் என்று நேரில் சொல்கிறேன். மைதானம் நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. உனக்கு எங்களையும் பிடிக்காது, நீலத்தையும் பிடிக்காது என்று தெரியும். அதனால் என்ன? இரண்டு பேரில் ஒருத்தன் தோற்றே ஆக வேண்டும், அதைப் பார்க்கவாவது வா. உன் அக்கா முன்னறையை ஒழித்துப் போட்டு உனக்காகக் காத்திருக்கிறாள்.

உன் அத்தான்

ஏப்ரல் 14

அத்தான்,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு யாருக்காவது கொடுங்கள்.

தோற்ற கோபம் என்று நினைக்காதீர்கள். தோற்பது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் அணி கோப்பையைத் தொட்டுப் பதினோரு வருடமாகிறது. தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கப் பழகியவன் நான். நீங்களா நீலமா என்பதில் எனக்கு ஆசையும் இல்லை, வயிற்றெரிச்சலும் இல்லை. எவன் ஜெயித்தால் எனக்கென்ன.

வேலையிடத்தில் ரேடியோவில் ஆட்டச் செய்தி வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுகிறேன். மேஸ்திரி, “என்னடா, உடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. பந்து என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டுகிறது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

அக்காவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 17

மாப்பிள்ளை,

இப்படியும் ஒரு கடிதமா? நீ துவைக்கும் ஆஸ்பத்திரித் துணிக்கு வரும் கணக்குச் சீட்டுகூட இதைவிடப் பாசமாக இருக்கும். உன் அக்கா படித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள்தான், வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறாள்.

உன் ஏழு வயதில் தோளில் தூக்கிக்கொண்டு போய் முதல் ஆட்டம் காட்டியவன் நான். அன்றைக்கு நீ பார்த்துப் பார்த்துப் பச்சையைப் பிடித்துக்கொண்டாய். என்னை வெறுப்பேற்றுவதற்காகவே பிடித்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். இத்தனை வருடம் நாம் ஒருவரை ஒருவர் வாரியதில் ஒரு சந்தோஷம் இருந்ததா இல்லையா? இப்போது குமட்டுகிறதாம். இதற்குப் பெயர் பொறாமை, மாப்பிள்ளை. பெரிய ஆள் போலப் பேசி மூடாதே.

இன்னொன்று. உங்கள் ஊர்ப் படிக்கட்டில் எங்கள் பக்கத்து அம்மா ஒருத்தி வழுக்கி விழுந்து அடிபட்டதாகப் பேப்பரில் பார்த்தோம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளாம். எங்கள் சங்கம் சும்மா இருக்கவில்லை. அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘உனக்காக வெல்வோம்’ என்று நாற்பது அடிக்கு ஒரு பேனர் எழுதுகிறோம். இறுதி ஆட்டத்தில் விரிக்கப்போகிறோம். நீ வெறும் விளையாட்டு என்று நினைக்கிறாய். எங்களுக்குள் இருப்பது குடும்பம்.

முன்னறை இன்னும் உனக்காகத்தான் இருக்கிறது.

அத்தான்

ஏப்ரல் 21

அத்தான்,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ‘வழுக்கி விழுந்து’ என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன். அந்த அம்மா வழுக்கி விழவில்லை. உங்களிடம் எப்படியும் சொல்லத்தான் வேண்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குள் இருந்து நாறிவிடும்.

நான் பதினாறு வருடமாக ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறேன். என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று உங்களுக்கு எழுத வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். நான் துணிகளைப் பிரித்துப் போட்டுவிட்டு அந்தக் கையைக் கழுவி அதே மேஜையில் சாப்பிடுகிறவன். எனக்கு அருவருப்பு என்பதே செத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று கிழக்கு கேலரியில் மேல்பாதி நாங்கள், கீழ்பாதி நீங்கள். இறங்க ஒரே படிக்கட்டு. முதலில் வெளியூர்க்காரர்களான நீங்கள் போக வேண்டும், அப்புறம் நாங்கள். எப்போதும் அப்படித்தான். ஆனால் மழை வலுத்தது. மூன்று கோல் வாங்கிய எரிச்சல் வேறு. எங்கள் கூட்டத்தில் பாட்டெடுத்துக் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான், ‘தொண்டை’ என்று கூப்பிடுவோம். அவன், “இவனுங்க போற வரைக்கும் நாம நனையணுமா?” என்று குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அறுத்தான். இருநூறு பேர் இறங்கினோம். உங்கள் ஆட்களின் தாயை, தங்கையை எல்லாம் இழுத்து ஒரு பாட்டு உண்டு. அதைப் பாடிக்கொண்டுதான் இறங்கினோம். நானும் பாடினேன்.

பாதிப் படியில் கூட்டம் நின்றுவிட்டது. கீழே இரும்புக் கதவு பூட்டியிருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். பின்னால் இருப்பவனுக்கு அது தெரியாது, அவன் தள்ளுகிறான். என் நெஞ்சு முன்னால் இருப்பவன் முதுகில் ஒட்டி மூச்சு நின்றது. அப்போதும் பின்வரிசையில் பாட்டு நிற்கவில்லை. போலீஸ் வெளியிலிருந்து பூட்டை உடைத்த பிறகு எல்லாரும் வாந்தி மாதிரி வெளியே கொட்டினோம். அப்போது என் காலுக்குக் கீழே ஏதோ மெத்தென்று மிதிபட்டது.

நனைந்த துணி என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அத்தான், நனைந்த துணியை நாள் முழுக்க மிதிக்கிறவன் நான். அது துணி இல்லை என்று என் காலுக்குத் தெரிந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. நடந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவசரப் பிரிவிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தேன். ஒரு விரிப்புக்குள் சாம்பல் நிற மழைக்கோட்டு ஒன்று, அதற்குள் கத்தரிக்கோலால் நெடுக வெட்டியெடுத்த சிவப்புச் சட்டை. உங்கள் அணிச் சட்டை. மழைக்கோட்டின் முதுகிலும் கையிலும் செருப்புத் தடங்கள், எண்ணவே முடியாது. மாடிக்குப் போய் நர்ஸிடம் கேட்டேன். இரண்டு விலா எலும்பு, கணுக்கால், வலது கையில் நான்கு விரல். வேன் ஓட்டும் கை.

அதிலிருந்துதான் குமட்டல். அந்த மூட்டையைப் பார்த்து வந்ததல்ல. என்னை நினைத்து வந்தது. வாளிமேல் குனிந்து நின்றேன். மேஸ்திரி முதுகைத் தடவிக் கொடுத்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

விசாரணை நடக்கிறது. பார்த்தவர்கள் மே பத்துக்குள் வந்து சொல்லலாம் என்று ஆஸ்பத்திரிப் பலகையில்கூட ஒட்டியிருக்கிறார்கள். மைதானத்துக்காரர்கள் அவர் தானாக வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நான் போய்ச் சொல்லப்போகிறேன். கயிற்றை அறுத்தது, பாடியது, மிதித்தது எல்லாம். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் இறங்கினார்களா என்றுகூடப் பார்க்காமல் கீழ்க்கதவைப் பூட்டிய புண்ணியவான் யார் என்பது.

இப்போது சொல்லுங்கள். மே நாலாம் தேதி எவன் கோப்பையைத் தூக்கினால் எனக்கென்ன?

ஏப்ரல் 25

மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்காவிடம் காட்டவில்லை.

கூட்டத்தில் கால் எங்கே படுகிறது என்று யாருக்குத் தெரியும்? நீ இல்லாவிட்டால் பின்னால் வந்தவன் மிதித்திருப்பான். இதற்கெல்லாம் ஒருத்தனைப் பிடித்துக் குற்றம் சொல்ல முடியாது. மழை, இருட்டிக்கொண்டு வந்த நேரம், ஆளாளுக்கு அவசரம். கதவைப் பூட்டியவனும் சொன்னதைத்தான் செய்திருப்பான். ஆட்கள் பேருந்தில் ஏறும்வரை உங்கள் கூட்டம் பின்னால் வரக்கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

விசாரணைக்குப் போவதானால் போ. ஆனால் இறுதி ஆட்டம் முடியட்டும். அதற்குள் நீ போய் ஏதாவது சொல்லி, பேப்பர்காரன் அதைப் பெரிதாக்கி, ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டால் இரண்டு ஊர்க்காரர்களும் உன்னைச் சும்மா விடமாட்டார்கள். பத்தாம் தேதி வரை நேரம் இருக்கிறதே. நாலாம் தேதி கழித்து ஆறு நாள். போதாதா?

உடம்பைப் பார்த்துக்கொள். எதையாவது கிண்டிக்கொண்டே இருக்காதே.

அத்தான்

ஏப்ரல் 28

அத்தான்,

சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். நான் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதில் அதுதானா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஒரு மனுஷியின் கை கூழாகியிருக்கிறது, உங்களுக்கு ஆட்டம் தள்ளிப்போய்விடுமோ என்று கவலை. சீ.

விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர். மேஜையில் ஒரு பக்கம் மருந்துப் புட்டி, ஒரு பக்கம் கோப்பு. நான் சொல்லச் சொல்ல எழுதினார். ‘மிதித்தேன்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, “நீங்களேவா?” என்று கேட்டார். “நானேதான்” என்றேன். வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன், அவ்வளவுதான்.

செய்தி அதற்குள் எங்கள் கூட்டத்துக்குப் போய்விட்டது. தொண்டை என் வாசலுக்கு வந்தான். “காட்டிக் குடுத்துட்டியேடா. செவப்புக்காரி ஒருத்திக்காக நம்ம ஆளுங்களயே காட்டிக் குடுத்துட்டியே” என்றான். கதவில் துப்பிவிட்டுப் போனான். அதைத் துடைப்பது எனக்குக் கஷ்டமில்லை, தொழிலே அதுதான். துடைக்கும்போது ஒன்று தோன்றியது. இவனோடு தோளில் கை போட்டுக்கொண்டு இருபது வருடம் நின்றிருக்கிறேன்.

அந்த அம்மாவையும் பார்த்தேன். புது விரிப்பு கொண்டுபோகும் சாக்கில் வார்டுக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும். கட்டையான உடம்பு, கறாரான முகம். வலது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். முட்டைக்கோஸ் அளவுக்குக் கட்டு. “அம்மா, உங்க கைய மிதிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“எதுக்கு வந்தே?”

“சொல்லணும்னு தோணுச்சு.”

“சொல்லிட்டே இல்ல? விரிப்ப வச்சிட்டுப் போ.”

போகத் திரும்பியபோது அவரே பேசினார். “நீங்களாவது பின்னாலேருந்து தள்ளுனதால வந்தீங்க. அவன் தள்ளாமலே செஞ்சான்” என்றார். கண்ணாடியை இருக்கையிலேயே விட்டுவிட்டதால் திரும்பி ஏறி எடுத்துக்கொண்டு கடைசியாக இறங்கினாராம். கண்முன்னாலேயே கதவு சாத்தப்பட்டதாம். கம்பிக்கு அந்தப் பக்கம் கையில் சிவப்புப் பட்டை கட்டிய ஆள். இவர் கதவைத் தட்டியிருக்கிறார். “தொறய்யா”ன்னு கத்தியிருக்கிறார். அவன் இவர் முகத்தைப் பார்த்தானாம். பார்த்துவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனானாம்.

அத்தான், உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தொண்டன், கையில் பட்டை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போன கடிதத்தில், சொன்னதைத்தான் செய்திருப்பான் என்று அவனுக்காகப் பரிந்து பேசியிருக்கிறீர்கள். கதவைப் பூட்டியது யார் என்று உங்களுக்குத் தெரியும். அது நீங்களா?

ஒரு வரி போதும்.

மே 1

மாப்பிள்ளை,

நான்தான்.

ஒரு வரி போதும் என்றாய். அதோடு நிறுத்த முடியவில்லை.

கீழ்க்கதவின் சாவியை மைதானத்துக்காரர்கள் எங்கள் தொண்டர்களிடம் கொடுத்திருந்தார்கள், அது என்னிடம் இருந்தது. தலைவர் பேருந்துப் பக்கத்திலிருந்து விசில் அடித்தார். கதவைப் பூட்டிவிட்டு வா என்பதற்கான விசில். மேலே உங்கள் பாட்டு கேட்டது. இறங்கி வருகிறீர்கள் என்று தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பூட்டினேன். அப்போதுதான் அவள் ஓடி வந்தாள். கதவைத் தட்டினாள். சாம்பல் நிற மழைக்கோட்டு கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. நான் அவளைப் பச்சைக்காரி என்று நினைத்தேன்.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன்.

பேருந்தில் ஏறிய பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கூச்சல் கேட்டது. திட்டுகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாவி என் பையிலேயே இங்கு வந்துவிட்டது. பேப்பரில் அவள் செய்தி வந்த அன்று பார்த்தேன், சிவப்புச் சட்டை என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து அந்தச் சாவியைச் சமையலறைப் பரணில், பழைய டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உன் அக்கா பரண்பக்கம் ஏணியை நகர்த்தினால் நான் முந்திக்கொண்டு ஏறிவிடுகிறேன். உனக்குத் துக்கம் விசாரித்துக் கடிதம் எழுதியபோதும் சாவி அங்கேதான் இருந்தது. தெரிந்துகொண்டேதான் கேலி எழுதினேன். கேலி எழுதினால் எல்லாம் முன்போலவே இருப்பது மாதிரி இருந்தது.

பேனருக்கு அவள் படம் வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது, நான்தான் அவள் வேலை செய்த பள்ளிக்கூடத்துக்குப் போய் வாங்கி வந்தேன். என்ன ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கும் எனக்கு வாசல் பொறுப்புதான் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ சொல்.

மே 5

அத்தான்,

நான் என்ன சொல்ல? என்னிடம் கேட்கிற கேள்வியா அது?

‘பச்சைக்காரி என்று நினைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது பச்சைக்காரியாக இருந்தால் சாகலாம். உங்கள் கடிதம் முழுவதிலும் எனக்கு அதுதான் நாறுகிறது. அந்தக் கதவுப் பக்கம் நான் நின்றிருந்தால்? தோளில் தூக்கிக்கொண்டு போனதாக எழுதினீர்களே, அந்தப் பையன் நின்றிருந்தால்? படித்துவிட்டுக் கடிதத்தைத் தூர எறிந்தேன். பிறகு எடுத்து வைத்தேன். என்னைப் பற்றி யோசித்தேன். கீழே கிடப்பது சிவப்பு என்று தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அன்றைக்கு வாயில் இருந்த பாட்டு அப்படி. பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு விடுமுறை. வீட்டில் இருக்க முடியவில்லை. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் டிவி அலறுகிறது. ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். மாடிக்குப் போனால் அங்கேயும் அதேதான். பெண்கள் வார்டில் சுவரோரம் இருக்கும் டிவி முன்னால் பாதி வார்டு கூடியிருக்கிறது. எலும்பு முறிந்தவர்கள், தையல் போட்டவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு. ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் பேனரைக் காட்டினார்கள். நாற்பது அடிக்கு அந்த அம்மா முகம்.

கட்டிலில் இருந்தபடி அவர் பார்த்துவிட்டார். “அய்யய்யோ, அது என் லைசென்ஸ் போட்டோ. எவன் எடுத்துக் குடுத்தான்? என்னைக் கேட்டானுங்களா?” என்றார். பக்கத்துக் கட்டில் அம்மா, “உங்களுக்காகத்தான் ஆடுறாங்களாம், குடுத்து வச்சவங்க” என்று கைதட்டினாள். வேன்காரம்மாவின் முகம் கோணியது. “ஒருத்தன் வந்து எட்டிப் பார்க்கல. ஒரு மாசமா ஒருத்தன் வரல. போட்டோவ மட்டும் எடுத்துக்கிட்டானுங்க. அத அணைங்க.” யாரும் அணைக்கவில்லை. அணைக்கச் சொன்னதற்குத்தான் நாலு பேர் முறைத்தார்கள்.

என்னைக் கண்டதும், “ஏய் துணிக்காரா, இங்கேருந்து என்னை எங்கேயாவது கொண்டுபோ” என்றார். நர்ஸிடம் கேட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, துணி ஏற்றும் லிஃப்டில் கீழே சலவைப் பிரிவுக்குக் கூட்டிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் எதுவும் ஓடாது. மடிக்கும் அறையில் வெள்ளை அடுக்குகளுக்கு நடுவில் நாற்காலியை நிறுத்தினேன். அவர் சுற்றிலும் பார்த்தார். “இந்த டிரம்முல ஒரு தடவைக்கு எத்தன விரிப்பு போகும்?” என்றார். “அறுபது” என்றேன். “என் வேன்ல பதினெட்டுப் பிள்ளைங்க. இருபத்தாறுன்னு ஏத்தச் சொல்வாங்க, நான் மாட்டேன்னுடுவேன்” என்றார். அப்புறம் ஒரு தலையணை உறையை எடுத்து இடது கையால் மடிக்கப் பார்த்தார். மூன்று தடவை நழுவியது. நான் உதவப் போனேன். “தொடாதே” என்றார்.

இரண்டு மணி நேரம் இருந்தோம். முப்பது வருடம் சிவப்புக்காகக் கத்தியவர் அவர். ஜன்னல் வழியாகத் தெருவின் கூச்சல் இரண்டு தடவை எழுந்தது, ஒரு தடவை வெகுநேரம் நீண்டது. அவர் தலை நிமிர்ந்தது. காது கொடுத்தது ஒரு நொடிதான். பிறகு உறையைக் கையில் எடுத்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதை எழுதும் இந்த நேரம்வரை எனக்கு முடிவு தெரியாது. நீங்களும் எழுதாதீர்கள்.

அங்கேதான் சொன்னேன். “அந்தக் கதவப் பூட்டுனவரு எங்க அக்கா வீட்டுக்காரரு” என்று. அவர் உறையை மடியில் வைத்தார். “உங்க அக்காவுக்குத் தெரியுமா?” என்றார். “தெரியாது” என்றேன். “பாவம்” என்றார். பிறகு, “அவன ஒரு தடவ வரச் சொல்லு. நீ கூட நிக்கக்கூடாது. நான் அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உங்கள் பாடு.

மே 10

மாப்பிள்ளை,

வியாழக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். நீ அப்போது கீழே வேலையில் இருந்தாய் என்று தெரியும். இறங்கி வந்து உன்னைப் பார்க்கத் தெம்பில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்கவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை. வாசலில்தான் நின்றேன், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசிப் பத்து நிமிடத்தில் தலைவர் வந்து, “பூட்டுய்யா, நீலக்காரனுங்க இந்தப் பக்கம் வந்துடப்போறானுங்க” என்றார். முடியாது என்றேன். “என்ன, புத்தி கெட்டுப்போச்சா?” என்று கையிலிருந்த பட்டையைப் பிடித்து இழுத்தார். நானே கழற்றிக் கொடுத்தேன். ஆனால் வாசலைவிட்டு நகரவில்லை. கடைசி ஆள் வெளியேறும்வரை கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். கலகம், அடிதடி எதுவும் நடக்கவில்லை. சனங்கள் வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். ஒரு கதவு திறந்திருந்தால் நடப்பது அவ்வளவுதான். அதைப் பார்த்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே உன் அக்காவிடம் சொன்னேன். பரணிலிருந்து சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்துத்தான் சொன்னேன். அவள் கத்தவில்லை. “அந்தப் பக்கம் என் தம்பியும் இருந்தான்ல?” என்று மட்டும் கேட்டாள். இன்றுவரை என்னோடு வேறு பேச்சில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள்.

வார்டுக்குப் போனேன். கட்டிலருகே நின்றேன். அவள் என்னைப் பார்த்து, “யாரு நீங்க?” என்றாள். நான் திகைத்துப்போனேன். என் முகத்தை அவள் மறந்திருக்கமாட்டாள் என்றுதான் ஒரு மாதமாகத் தூங்காமல் கிடந்தேன். “நான்தாம்மா, கதவு…” என்றேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தாள். “நீயா? நான் பெரிய ஆளுன்னு நெனச்சேன். என் நெனப்புல நீ கதவு உயரம் இருந்தே” என்றாள்.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். கட்டு அவிழ்த்திருந்தார்கள். அந்தக் கையை என்னைப் பார்க்க வைத்தாள். முகத்தைத் திருப்பினேன். “பாரு” என்றாள். பார்த்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் மழைக்கோட்டக் கழட்டி உள்ள இருந்த செவப்புச் சட்டையக் காட்டியிருந்தா, தொறந்திருப்பியா?”

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. யாராக இருந்தாலும் திறந்திருக்கமாட்டேன், பயத்தில் புத்தி ஓடவில்லை என்று சொல்லியிருந்தால் நான் வெறும் கோழை. அதோடு போயிருக்கும்.

“தொறந்திருப்பேம்மா” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருடம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் அணிக்காகக் கத்தியவள். எனக்கு எதிரே அவள் முகம் சுருங்கிப் போனது, கெட்டுப்போன எதையோ முகர்ந்துவிட்ட மாதிரி. எனக்கும் என் நாற்றம் அப்போதுதான் தெரிந்தது.

“அத அப்படியே எழுதிக் குடு” என்றாள். “விசில் அடிச்சாரு, மழை பெஞ்சுதுன்னு கதை எழுதாத. இத எழுது. போ.”

அங்கிருந்து நேராக விசாரணை அலுவலகம். நீ சொன்ன அதே மெலிந்த மனிதர். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். கடைசி வரி வந்ததும் நிறுத்தினார். ‘அவர் எங்கள் அணிக்காரர் என்று தெரிந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன்.’

“இந்த வரி இல்லாமலே உங்க வாக்குமூலம் முழுசா இருக்கு. இது உங்களுக்கு எதிராப் போகும். பயத்துல பூட்டினது வேற, இது வேற. எடுத்துடட்டுமா?” என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

“வேண்டாங்க. அதுதான் நடந்துச்சு” என்றேன். அந்த வரிக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு வரும் என்கிறார்கள். சங்கத்திலிருந்து நீக்கிய கடிதம் நேற்று வந்தது. உன் அக்கா அடுத்த சனிக்கிழமைப் பேருந்தில் உன்னிடம் வருவதாகச் சீட்டு எழுதி வைத்திருக்கிறாள். எத்தனை நாள் தங்குவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போகிறபோது அந்த அம்மாவையும் பார்க்க வேண்டுமாம். வார்டு வாசல்வரை கூட்டிப்போ.

உன் அத்தான்